எட்டு நிமிஷ இன்ஜின்

எழுதிக்குங்க சார். பேரு, காது மேஸ்திரி. பெத்தவங்க வெச்ச பேரு வேற இருக்கு, ஆனா அதைப் போட்டீங்கன்னா உங்க கடுதாசி என் வீட்டுக்கு வந்து சேராது. ஓடற இன்ஜின் மேல ஸ்க்ரூ டிரைவரை ஊன்றி, பிடியில காதை வெச்சா, எந்த வால்வு பொய் சொல்லுதுன்னு சொல்லிடுவேன். அதனால வந்த பேரு. வயசு எழுபத்தி மூணு நிறைஞ்சு அஞ்சு மாசம். கல்வித் தகுதின்னு ஒரு கட்டம் போட்டிருக்கீங்களே, அதுல அஞ்சாம் வகுப்புன்னு எழுதி, ஏனையவை சொந்த முயற்சின்னு சேத்துக்குங்க. இடம் பத்தாதா? ஓரத்துல எழுதுங்க, பரவாயில்ல.

அடுத்த கேள்வியை நானே படிச்சுட்டேன். தங்கள் அறிவுக்கு எட்டிய வரையில் இவ்வாகனத்தின் இன்ஜின் எப்போதேனும் மாற்றப்பட்டதா, ஆம் அல்லது இல்லை. நல்ல வாக்கியம் சார். எழுதினவருக்குத் தமிழ் வருது. பதில் சொல்றேன், ஓடிப் போக மாட்டேன். ஆனா யாரோட கார், யாருக்கு என்ன வேணும்னு தெரியாம ஒத்த வார்த்தையை வாங்கிக்கிட்டுப் போனீங்கன்னா அது தலையில்லாத முண்டம். காப்பி குடிங்க. அந்த ஸ்டூல் ஆடும், சுவரோரமா இழுத்துப் போட்டு உக்காருங்க.

மேற்படி கார் என் தங்கச்சியோடது. மச்சான் போய்ச் சேர்ந்து ரெண்டு வருஷமாச்சு. அவரோட அப்பா புதுசா வாங்கின வண்டி, அப்புறம் மகனுக்கு வந்துச்சு, இப்ப இவளுக்கு. அறுபத்தஞ்சு வயசு அவளுக்கு. முட்டி தேஞ்சு போச்சு, பஸ் படி ஏற முடியாது. ஆனா கிளட்ச் மிதிப்பா. அது எப்படின்னு டாக்டரே கேட்டுட்டார். ஒரே பையன். உங்க பழைய கார் சங்கத்துக்கு விண்ணப்பம் போட்டிருக்கானே, அவன்தான், என் மருமகன்.

பையன் அவளைப் பாத்துக்கறான் சார், அதுல குறை சொல்லக்கூடாது. ஒரு மாத்திரை வாங்கணும்னா, டிரைவரை அனுப்பறேம்மான்னு சொல்லுவான். இவ பதினோரு மணிக்கு செருப்பை மாட்டிக்கிட்டு வாசல் கேட்டுக்குப் பக்கத்துல நின்னான்னா, ரெண்டு மணிக்கு வண்டி வரும். நின்னு நின்னு பாத்துட்டு ஒரு நாற்காலியைக் கொண்டு வந்து கேட்டுக்கிட்டயே போட்டுட்டா. மழையில அது இத்துப்போயி, இப்ப ரெண்டாவது நாற்காலி.

அவ என்கிட்ட கேட்டது ஒண்ணே ஒண்ணு. அண்ணே, ஓடற இன்ஜினா ஒண்ணு பாத்து வெச்சுக் குடு, என் காரை நானே ஓட்டிக்கறேன். அவ்வளவுதான்.

பையனுக்கு வேண்டியது வேற. ஆபீஸ்ல நுழைஞ்சதும் ஒரு கண்ணாடி ரூம் கட்டி வெச்சிருக்கான். அதுக்குள்ள இந்தக் காரை நிறுத்தணும். தாத்தா வாங்கின கார், தாத்தா காலத்து இன்ஜின், முன்னால பித்தளைத் தகடு. தகடு அடிச்சாச்சு சார். மாத்தாத இன்ஜின்னு நீங்க குடுக்கற சர்டிஃபிகேட் நம்பருக்கு மட்டும் இடம் விட்டிருக்கு. கொண்டு வந்து காட்டினான்.

அந்த இன்ஜினோட லட்சணத்தையும் கேளுங்க. இன்ஜின் பிளாக்குல, தண்ணி ஓடற சுவத்துல, ஒரு சாண் நீளத்துக்கு விரிசல். வார்ப்பிரும்பு, வெல்டிங் வெச்சா இன்னும் விரியும். ஓட்டை போட்டு, ஆணி ஆணியா இறக்கி, கிழிஞ்ச துணியைத் தைக்கற மாதிரி தைச்சேன். பதினோரு நாள். ஓடுச்சு. எட்டு நிமிஷம் ஓடுச்சு. ஒன்பதாவது நிமிஷம் தண்ணி ஆயிலுக்குள்ள இறங்கி, மூடியைத் திறந்தா கொழகொழன்னு, நாலு நாள் ஊசிப்போன காப்பி மாதிரி. விரல்ல எடுத்து மருமகன்கிட்ட காட்டினேன். மூக்கைப் பொத்திக்கிட்டு, எட்டு நிமிஷம் தாராளம் மாமா, யாரு ஓட்டப் போறாங்கன்னான். பெத்தவ பக்கத்துல நிக்கறா சார்.

இதே கார் கம்பெனியோட வேன் இன்ஜின் ஒண்ணு அதோ, நீலத் தார்ப்பாய்க்கு அடியில இருக்கு. அதே போல்ட்டுல அப்படியே உக்காரும். காலையில கிளப்பினா சாயங்காலம் வரைக்கும் முனகாம ஓடும். இதைப் போட்டுடறேன்டான்னேன். வேன் இன்ஜின் போட்டா அது கார் இல்ல மாமா, வேஷம்னான். நாங்க பேசிக்கிட்டிருக்கும்போதே தங்கச்சி கார் கதவைத் திறந்து ஒரு காலை உள்ள வெச்சுட்டா. அம்மா, சீட்ல உக்காராத, தையல் பிரிஞ்சிடும். இவன்தான் சொன்னான். அந்த முட்டியை வெச்சுக்கிட்டு உள்ள போட்ட காலை வெளிய எடுக்க எவ்வளவு நேரம் ஆகும் தெரியுமா? அதை நான் பாத்துக்கிட்டு நின்னேன்.

உங்களைச் சொல்லல சார், ஆனா உங்க கண்காட்சிக்கு ஒருதரம் வந்திருக்கேன். பெரிய மனுஷர் ஒருத்தர், காது குடையற பஞ்சுக் குச்சியால வீல் நட்டைத் துடைச்சிக்கிட்டிருந்தார். எவ்வளவு தூரம் ஓடும்னு கேட்டேன். ஓட்டறதில்ல, லாரியில ஏத்திதான் கொண்டு வருவோம்னார், பெருமையா. செத்த பிணத்துக்குச் சிங்காரம்.

இதுக்கு நடுவுல ஒரு தரகன் வந்தான். விரிசல் இல்லாத பிளாக் நான் தரேன், அதுல இருக்கற இன்ஜின் நம்பரைத் தேய்ச்சுட்டு உங்க நம்பரை அடிச்சுடலாம், எந்த சங்கத்துக்காரன் வந்தாலும் முழிப்பான்னான். எண்ணெய்த் துணியைச் சுருட்டி மூஞ்சியில எறிஞ்சேன். நம்பர்ல கை வெக்கற பட்டறை இல்லடா இதுன்னு தெருவே கேக்கறாப்பல கத்தினேன். பக்கத்து டயர்க்கடைக்காரர் எழுந்து நின்னு கை தட்டினார். அவர் தட்டத் தட்ட எனக்கு என் வாயே நாறுச்சு.

இருங்க, பேனாவை மூடாதீங்க. வந்துட்டேன்.

போன வாரம் தங்கச்சியே வழக்கை முடிச்சு வெச்சா. எனக்கு இருக்கறது ஒரு பிள்ளை, அதோட சண்டை போட்டு நான் எங்க போறது? சங்கத்துலேருந்து ஆள் வரட்டும், அண்ணன் எழுதிக் குடுக்கட்டும். மாத்தாத இன்ஜின்தான்னு ஆச்சுன்னா காரை நீ எடுத்துக்கோ. மாத்தினதுன்னா அப்புறம் எந்த இன்ஜினா இருந்தா உனக்கென்ன, கார் எனக்கு, வேன் இன்ஜினை அண்ணன் மாட்டட்டும். பையன் சிரிச்சுட்டான். நூறு தரம் சம்மதம்மான்னான். தோத்துட்டோம்னு நினைச்சுக்கிட்டுதான் சார் அவ அந்த வாக்கைக் குடுத்தா. சாவியைக் கூட அவன் கையில குடுக்கப் போனா, நான்தான் சர்டிஃபிகேட் வரட்டும்னு வாங்கி வெச்சேன்.

நீங்க காலையில வந்தீங்க, லென்ஸ் வெச்சுப் பாத்தீங்க. நம்பர் ஒழுங்கா, ஒரே ஆழத்துல, சுத்தமா இருக்குன்னீங்க. இருக்கும். அப்பல்லாம் எனக்குக் கை நடுங்காது.

ஆமா சார். நான்தான்.

அவளுக்குக் கல்யாணமான புதுசு. மச்சான் அவங்கப்பாவுக்குத் தெரியாம இவளுக்கு வண்டி ஓட்டக் கத்துக் குடுத்தார். அப்பா ஊர்ல இல்ல, திரும்பி வர நாலு நாள் இருக்கு. இவ ரேடியேட்டர்ல தண்ணி இருக்கான்னு பாக்காம இருபது மைல் மிதிச்சுட்டா. இன்ஜினுக்குள்ள ஓடற ராடு பிளாக்கைப் பொத்துக்கிட்டு வெளிய வந்துடுச்சு, கையை விடலாம், அவ்வளவு பெரிய ஓட்டை. மச்சான் இதே சுவரோரமா உக்காந்து அழுதார். அப்பா அவளை வீட்டை விட்டு அனுப்பிடுவார் மச்சான்னார். மோதி நொறுங்கின கார் ஒண்ணுலேருந்து இன்ஜினை இறக்கினேன். அதோட நம்பரை அரத்தால ராவிட்டு, இரும்பு அச்சை வெச்சு இந்த நம்பரை ஒவ்வொண்ணா அடிச்சேன். சரி பண்ணிட்டேன்னு அவகிட்ட சொன்னேன். இன்னிக்கு வரைக்கும் நம்பறா. தாத்தா வாங்கின இன்ஜினைப் பழைய இரும்புக்காரன் தூக்கிக்கிட்டுப் போனான், எந்தத் தெருவுல சாக்கடை மூடியா கிடக்கோ.

ஆம்னு எழுதுங்க. மாற்றியவர் பேரா? அதுதான் மேலயே எழுதிட்டீங்களே. தேதி நல்லா ஞாபகம் இருக்கு சார், மறக்கணும்னு எவ்வளவோ பாத்தேன். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்து நாலு, மார்ச் மாசம் ஒன்பதாம் தேதி, வெள்ளிக்கிழமை.