பினாயிலின் ஐந்து விதிகள்

மல்லேஸ்வரத்தில் நல்ல காபிக்குப் பஞ்சமே இல்லை, நிருபமா. பேஸ் கிதார் வாசிக்கத் தெரிந்தவனுக்குத்தான் பஞ்சம். வேறு ஆள் கிடைக்காததால் 'பினாயில்' குழுவில் என்னைச் சேர்த்துக்கொண்டார்கள் என்று உங்கள் பத்திரிகையின் போன இதழில் யாரோ எழுதியிருந்தார். அது தவறு. நான்தான் அவர்களைச் சேர்த்தேன்.

ஓஸ்வால்டின் முதலாம் நினைவுநாள் இதழுக்காகக் குழுவின் வரலாற்றை எழுதித் தரச் சொன்னீர்கள். "கொஞ்சம் மனசைத் தொடற மாதிரி இருக்கட்டும் ராம்கி" என்றும் சொன்னீர்கள். மனதைத் தொடுவது எனக்கு வராது. மென்பொருள் நிறுவனத்தில் தரப் பரிசோதகனாக இருக்கிறேன். அடுத்தவன் செய்ததில் பிழை எங்கே என்று பார்ப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம். பதினாறு வருடமாகப் பார்க்கிறேன். நான் கண்டவரை ஜனங்கள் பிழை செய்வதற்கு வெட்கப்படுவதில்லை, அதைச் சுட்டிக்காட்டினால்தான் அவர்களுக்குக் கோபம் வருகிறது. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். அச்சடிப்பது உங்கள் விருப்பம்.

2014 டிசம்பரில் லிங்கராஜபுரத்தில் ஒரு கிறிஸ்துமஸ் விருந்தில் அவர்களை முதலில் பார்த்தேன். மூன்று பேர். ஓஸ்வால்ட் பாடினான். பகலில் பைக்கில் சாப்பாட்டு டெலிவரி, ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் கொயர். அவன் சித்தப்பா மகன் லாயிட் கிதார். டிரம்ஸில் தாரணி, கன்டோன்மென்ட் பக்கத்துப் பௌத்தக் குடும்பத்துப் பெண், லேபில் ரத்தம் எடுக்கும் வேலை. மூவரும் சேர்ந்து யாரோ வெள்ளைக்காரனின் காதல் பாட்டை உருகி உருகிப் பாடிக்கொண்டிருந்தார்கள். ஓஸ்வால்டின் அம்மா தினமும் விடியலில் எங்கள் பக்கத்துத் தெருக்களைக் கூட்டுகிறவள். மகன் பனி விழும் தேசத்துக் காதலைப் பாடுகிறான். எனக்குச் சிரிப்பு வந்தது.

நான்தான் அவர்களுக்கு ஹார்ட்கோர் பங்க்கை அறிமுகம் செய்தேன். தெரியாதவர்களுக்கு: வேகம், கூச்சல், கோபம். ஒரு பாட்டு ஒரு நிமிடத்துக்குள் முடிந்துவிடும். பாடுகிறவனும் கேட்கிறவனும் ஒருவர் மேல் ஒருவர் விழுந்து புரள்வார்கள். பெயரும் நான் வைத்ததுதான். பினாயில் ஊற்றினால் நாற்றம் போகும், எரியவும் செய்யும். ஐந்து விதிகளை எழுதிக் கொடுத்தேன். மேடை கூடாது, தரையில்தான் நிற்க வேண்டும். ஒரு நிமிடத்துக்கு மேல் பாட்டு கூடாது. சினிமாவும் கம்பெனிக் காசும் கூடாது. யார் எழுதினார், யார் வாசித்தார் என்று எங்கும் பெயர் போடக் கூடாது. ஆரம்பித்த பாட்டை எது நடந்தாலும் நடுவில் நிறுத்தக் கூடாது.

எல்லாப் பாட்டையும் நான் எழுதினேன். 'மூடி' உங்களுக்குத் தெரியும். ஐம்பது விநாடி. பாதாளச் சாக்கடையில் இறங்கிச் செத்தவர்களைப் பற்றியது. "மூடியைத் தூக்கு, உள்ளே யாரு, உன் பீயைச் சுமந்த என் தம்பி பாரு." அதை முதல் முறை படித்துவிட்டு ஓஸ்வால்ட், "சக்கத்தா எழுதிக்கிற மச்சா. ஆனா உனக்குத் தம்பியே கிடையாதே" என்றான். இலக்கியம் தெரியாதவர்கள் இப்படித்தான் பேசுவார்கள். நான் பொருட்படுத்தவில்லை.

துப்புரவு ஒப்பந்தத் தொழிலாளர் போராட்டத்தில் வாசித்தோம், ஒரு நாள் முழுக்க ஸ்டேஷனில் உட்கார வைத்தார்கள். ஒரு கல்லூரியில் இரண்டாம் பாட்டிலேயே கரண்டைப் பிடுங்கினார்கள். கேசட் முந்நூறு பிரதி போட்டோம். கோலார், ஓசூர், சென்னை எல்லாம் போனோம். நன்றாகவே போய்க்கொண்டிருந்தது. பின்னால் குழுவின் சின்னம் போட்ட டீ-ஷர்ட்டோடு கோரமங்கலாவின் ஐ.டி. பையன்கள் வர ஆரம்பித்தார்கள். சனிக்கிழமை புரட்சி, திங்கட்கிழமை ஆபீஸ். அவர்களைப் பற்றிச் சொல்ல வேறெதுவும் இல்லை.

குழுவின் வழக்கங்களில் இரண்டை மட்டும் இங்கே சொல்ல வேண்டும். ஓஸ்வால்ட் செருப்பில்லாமல்தான் பாடுவான். வியர்வையில் வழுக்காதிருக்க மைக்கின் கைப்பிடியில் சைக்கிள் டியூப் சுற்றியிருப்பான். மைக்கின் கம்பி வலை உதட்டில் அழுந்தப் பாடுவான், முதல் வரியிலேயே தரையில் விழுந்து வலிப்பு வந்தவன் மாதிரி துடிப்பான். கூட்டம் அதற்கென்றே காத்திருக்கும். நாங்கள் வாசித்த இடங்களில் பாதிக்கு எர்த் இருக்காது. எனவே ஆரம்பிக்கும் முன் எலக்ட்ரீஷியன் டெஸ்டரை மைக் வலையில் வைத்துப் பார்ப்பது என் பொறுப்பு. விளக்கு எரிந்தால் வலையில் கரண்ட் இருக்கிறது என்று பொருள். எரியாவிட்டால் "சரி" என்பேன். அதற்குப் பிறகுதான் ஓஸ்வால்ட் மைக்கைத் தொடுவான். பத்து வருடத்தில் ஒரு தடவை கூட அவன் என்னைத் திருப்பிக் கேட்டதில்லை.

இன்னொன்று என்னுடையது. பாட்டுகளுக்கு நடுவில் நான் இரண்டு நிமிடம் அரசியல் விளக்கம் சொல்வேன். இருந்தது ஒரே மைக். அதில் ஓஸ்வால்ட் எச்சில் தெறிக்கப் பாடியிருப்பான், கூட்டத்தில் கத்த ஆசைப்பட்ட அத்தனை பேரும் வாய் வைத்திருப்பார்கள். எனக்குத் தூசி ஒவ்வாமை. மைக்கின் தலையில் மாட்டுகிற பஞ்சு உறை ஒன்றைச் சின்ன எவர்சில்வர் டப்பாவில் வைத்திருப்பேன். பேசும்போது மாட்டுவேன், பேசி முடித்ததும் கழற்றி டப்பாவில் போட்டுக்கொள்வேன். "ராம்கி மைக்குக்கு ஸ்வெட்டர் போட்டுட்டாரு, எல்லாரும் கம்முனு இருங்க" என்று ஓஸ்வால்ட் கேலி செய்வான். கூட்டம் சிரிக்கும். நானும் சிரிப்பேன்.

யாரும் தவறாக எண்ணிக்கொள்ள வேண்டாம். பதினேழு வயதில் பூணூலைக் கழற்றிச் சாங்கி ஏரியில் எறிந்தவன் நான். என் அம்மா ருக்மிணி, நான் லிங்கராஜபுரத்திலிருந்து திரும்பும்போதெல்லாம், "குளிச்சுட்டு உள்ள வாடா" என்பாள். அவளுக்கு ஜாதி உண்டு. வேர்த்திருக்கும் என்பதால் நான் குளிப்பேன்.

போன வருடம் மார்ச்சில் ஓஸ்வால்ட் தானாக ஒரு பாட்டு எழுதினான். மூன்றரை நிமிடம். மெல்லிய கிதார். தெரு கூட்டிவிட்டு வரும் அவன் அம்மா ஒரு வீட்டு வாசலில் தண்ணீர் கேட்கிறாள். வீட்டுக்காரம்மா செம்பைக் கொடுக்காமல் உயரத்திலிருந்து ஊற்றுகிறாள். இவள் கைகளைக் குவித்து வாங்கிக் குடிக்கிறாள். பாட்டு முழுக்க அவ்வளவுதான். ஒப்பாரி. ஆய்வு இல்லை, கோரிக்கை இல்லை.

"யாரைச் சொல்ற?" என்று கேட்டேன்.

"யாரையும் சொல்லல மச்சா. எங்கம்மா கைய சொல்றேன்" என்றான்.

அந்தப் பாட்டைப் பாடியபோதெல்லாம் கூட்டம் அழுதது. பங்க் கச்சேரியில் அழுகை. கழுதை தேய்ந்து கட்டெறும்பான கதையாக இருந்தது. 'மூடி'யை யாரும் கேட்கவில்லை. அதை எழுதியது நான் என்பதும் யாருக்கும் தெரியாது. பெயர் போடக் கூடாது என்ற விதியை எழுதியவன் நானே என்பதால் அதைப் பற்றிப் புகார் சொல்லவும் முடியாது. ஒரு சினிமா கம்பெனி அந்த ஒப்பாரியைக் கேட்டு வந்தது. ஆட்டைக் கடித்து, மாட்டைக் கடித்து, கடைசியில் என் விதிகளையே கடித்தார்கள்.

லாயிட் வீட்டில் கூடிப் பேசினோம். வாக்கெடுப்பு நடந்தது. மூன்று கைகள் உயர்ந்தன. சினிமாவுக்குப் பாட்டைக் கொடுப்பது, என் விளக்க உரைகளை நிறுத்துவது, அடுத்து இருந்த சந்தாபுரா கச்சேரியோடு நான் விலகிக்கொள்வது. தாரணிதான் பேசினாள்.

"நீ எழுதுனது நல்லாத்தான் இருந்துச்சு, ராம்கி. ஆனா நீ எங்களப் பத்தி எழுதுன. அவன் எங்களுக்கு எழுதுறான். அதான் வித்தியாசம்."

லாயிட் வீட்டம்மா எல்லோருக்கும் டீ கொண்டுவந்தாள். நான் டீ குடிப்பதில்லை. "புரிகிறது" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். எனக்குக் கோபம் இருந்தது என்று நினைக்காதீர்கள். கோபத்துக்கும் ஒரு தகுதி வேண்டும். மண்ணைப் பிசைந்து பொம்மை செய்தவனிடம் அந்தப் பொம்மை "போய் வா" என்றால் என்ன தோன்றும், அதுதான் எனக்குத் தோன்றியது.

சந்தாபுராவில் பழைய கல்யாண மண்டபம். ஞாயிற்றுக்கிழமை, பிற்பகல் மூன்று மணி. மழையில் தகரக் கூரை ஒழுகித் தரை முழுக்க ஈரம். மைக் இணைந்திருந்த மிக்ஸருக்கு மண்டபத்து எலக்ட்ரீஷியன் நாகேஷ் பந்தி அறையிலிருந்து தனியாக ஒரு லைன் இழுத்துக் கொடுத்திருந்தார். அவசரத்தில் எர்த் கம்பியை விட்டுவிட்டார். இன்னொரு கம்பியையும் மாற்றிக் கொடுத்திருந்தார். மற்ற ஆம்ப்ளிஃபயர்கள் மண்டபத்தின் பழைய லைனில் இருந்தன. அவற்றில் குறை ஒன்றும் இல்லை.

ஆரம்பிக்கும் முன் ஓஸ்வால்ட் என்னிடம் வந்தான். கீழ் உதடு பிளந்து வீங்கியிருந்தது.

"மச்சா, உன் பஞ்ச குடேன், இன்னிக்கி ஒரு நாளு. நேத்து ஆர்டர் எடுத்துனு போறப்ப பைக்கு ஸ்லிப் ஆயிடுச்சு. கம்பி பட்டா உயிர் போவுது."

"எடுத்துண்டு வரல" என்றேன். டப்பா என் பேன்ட் பையில் இருந்தது.

"பரவால்ல வுடு" என்று சிரித்தான். சிரித்ததில் உதட்டில் மறுபடி ரத்தம் கசிந்தது. பிறகு, "மச்சா, சினிமாவுல பேரு போடுவாங்களாம். உன் பேரும் போடணும்னு சொல்லிக்கிறேன். நீ இல்லாம நாங்க ஏது?" என்றான். போகிற போக்கில் பிச்சை போடுகிறானே என்று நினைத்தேன்.

மைக்கிடம் போய் டெஸ்டரை வலையில் வைத்தேன். விளக்கு எரிந்தது. மங்கலாக இல்லை, நன்றாகவே எரிந்தது. என் கை மறைத்ததால் வேறு யாரும் பார்க்கவில்லை. ஈரத் தரையில் வெறுங்காலோடு குதித்துக்கொண்டே ஓஸ்வால்ட் கேட்டான்.

"இன்னா, ஓகேவா?"

"சரி" என்றேன்.

முதல் பாட்டு 'மூடி'. எனக்கு மரியாதை செய்வதற்காக அவர்களாகவே அதை முதலில் வைத்திருந்தார்கள். ஓஸ்வால்ட் முதல் வார்த்தையைத் தொடங்கியதும் விழுந்தான். துடித்தான். இருநூறு பேரும் கைதட்டி ஆர்ப்பரித்தார்கள், வரிகளை அவர்களே கத்தியதில் அவன் குரல் நின்றது தெரியவில்லை. அவன் எப்போதும் அப்படித்தான் துடிப்பான். இந்தத் தடவை மைக் வாயைவிட்டு நகரவில்லை என்பதை அங்கே நான் ஒருவன்தான் கவனித்தேன். சுவிட்ச் போர்டு எனக்குப் பின்னால், கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. நான் வாசித்துக்கொண்டிருந்தேன். ஆரம்பித்த பாட்டை நடுவில் நிறுத்தக் கூடாது என்பது விதி. ஐம்பது விநாடியும் ஒரு பிசகு இல்லாமல் வாசித்தேன். பாட்டு முடிந்த பிறகும் அவன் எழாததைப் பார்த்துத் தாரணிதான் டிரம்ஸைத் தள்ளிவிட்டு ஓடி வந்து வயரைக் காலால் உதைத்துப் பிடுங்கினாள். அவன் நெஞ்சை அழுத்தி அழுத்தி, "ஓஸி, டேய் ஓஸி" என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். நான் கிதாரைக் கழற்றிப் பெட்டியில் வைத்தேன்.

விபத்து என்று எழுதினார்கள். கவனக்குறைவால் மரணம் என்று நாகேஷ் மேல் வழக்கு நடக்கிறது. அவருக்கு இரண்டு பெண்கள் என்று கேள்விப்பட்டேன். கோர்ட் வராந்தாவில் ஒரு நாள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "சார், நான் எர்த் குடுக்கலைன்னாலும் நீங்க டெஸ்ட் பண்ணுவீங்கன்னு சொன்னாங்களே" என்று அழுதார். மிகச் சரியான கேள்வி. அந்த ஊரில் இத்தனை பேரில் அவர் ஒருவருக்குத்தான் கேட்கத் தோன்றியது. அதனால்தான் இதை எழுதுகிறேன், அனுதாபத்தால் இல்லை. ஒரு அரைகுறை வேலைக்காரனின் மறதியில் பினாயில் முடிந்தது என்று பதிவாவது எனக்குச் சரியாகப் படவில்லை. அவர் பிழை செய்தார். நான் அதைக் கண்டுபிடித்தேன். கண்டுபிடித்துச் சொல்லாமல் இருந்தேன். ஓஸ்வால்டைக் கொன்றது நான்.

ஏன் என்று எல்லோரும் கேட்பார்கள். சொல்லிவிட்டேன். சினிமாவில் ஒப்பாரி வைத்துச் சீரழிவதற்குப் பதில், ஒரு கொள்கைக் குழு தன் சிறந்த பாட்டோடு முடிந்தது. இப்போது லிங்கராஜபுரத்துச் சுவரில் அவன் முகத்தை வரைந்து மாலை போடுகிறார்கள். அந்த மரியாதையும் நான் கொடுத்ததுதான்.

ஒரே ஒரு இடம் இடிக்கிறது என்று நீங்கள் சொல்லக்கூடும், நிருபமா. உங்களுக்குக் கூர்மையான கண். அவன் பஞ்சைக் கேட்டபோது டெஸ்டர் இன்னும் எரிந்திருக்கவில்லை. அவனைக் கொல்லும் எண்ணம் அப்போது எனக்கு இல்லை, சத்தியமாக இல்லை. கொடுத்திருந்தால் உதட்டில் கம்பி பட்டிருக்காது, அவன் இன்று இருந்திருப்பான். பிறகு அப்போதே ஏன் இல்லை என்றேன் என்று கேட்பீர்கள். அதற்கும் கொள்கைக்கும் சம்பந்தம் இல்லை, மிகச் சின்ன விஷயம். அவன் வாய் பட்ட பஞ்சை அதற்கப்புறம் நான் எப்படி என் வாயருகில் கொண்டுபோவது?