பதினான்கு பக்கத்துக்குப் பதில் ஒரே பக்கம் எழுதியவருக்கு

பான் நகரத்து ஜெர்மன் வெளியுறவு அமைச்சகத்தின் மூன்றாம் மாடியை முப்பத்து நான்கு ஆண்டுகள் முறை பிறழாது காத்த முனைவர் எக்கார்ட் வீஸ்னர் அவர்களே! கோப்புகளின் கோமகனே, குறிப்புரைகளின் குன்றே, வணக்கம்.

தாங்கள் ஒருநாளும் தாமதித்ததில்லை. தனிப்பட்ட சொல் ஒன்றைத் தாளில் இட்டதில்லை. தந்தையார் தபால்காரர் என்பதற்கு மேல் தங்களைப் பற்றி நாங்கள் அறிந்ததுமில்லை. அதனால்தான் இந்த மார்ச் மாதம் எங்களுக்கு மூச்சு நின்றது. இன்னும் முழுதாகத் திரும்பவில்லை.

போலந்தை இராணுவக் கூட்டணியில் சேர்க்கலாமா என்று மேலிடம் கேட்டது. படைபலம், செலவு, மாஸ்கோவின் முகச்சுளிப்பு என வழக்கமாய்ப் பதினான்கு பக்கம் எழுதும் தாங்கள், சேர்க்கலாம் என்று ஒரே பக்கம் கொணர்ந்தீர்கள். காரணம் என்ற இடத்தில் கண்டது: "1939 செப்டம்பரில், படைவீரராய்ப் போன என் தந்தை போலந்தின் வியெஷ்பின் கிராமத்துக்குத் தீ வைத்தார். அவர்கள் இப்போது பாதுகாப்புக் கேட்கிறார்கள்."

துணைத் தலைவி டீலமான் அம்மையார் தாளை மேசையில் கவிழ்த்து வைத்தார். "ஐயா, இது காரணமில்ல, பாவமன்னிப்பு. சர்ச்சுல போய்ச் சொல்லுங்க."

"பதினாலு பக்கத்துலயும் இதைத்தானம்மா சுத்தி வளைச்சு எழுதிக்கிட்டிருந்தோம்" என்றீர்கள்.

உக்ரைனின் கார்கிவ் நகரிலிருந்து வந்து ஐந்தாண்டாய் நமக்கு மொழிபெயர்க்கும் ஒக்சானா ஹலுஷ்கோ, காப்பிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்: "உங்க அப்பா அந்த ஊரோட நின்னுட்டாரா? எங்க பக்கமும் வந்திருப்பாரே."

மூன்று மணிக் கேக்கை வெட்டிக்கொண்டிருந்த கத்திகூட நின்றது. தாங்கள் தாளைத் திரும்ப வாங்கினீர்கள். கிழிப்பீர்கள் என்றே நம்பினோம். இன்னொரு வரி எழுதினீர்கள்: "வந்தார். உக்ரைன் கேட்டாலும் என் பதில் இதுவே."

ஒரு நாட்டுக்காக வருந்துவது பண்பாடு, இரண்டு நாட்டுக்காக வருந்துவது வெளியுறவுக் கொள்கை என்பதை அன்றுதான் அறிந்து அதிர்ந்தோம்.

மேலே செல்லும் தாளில் பிரிவினர் ஐவரும் ஒப்பமிடுவது மரபு. ஒருவருக்குக் கைவலி, ஒருவருக்குப் பல் மருத்துவர், மற்ற மூவருக்குச் சாக்கு எதுவும் தோன்றவில்லை, ஆயினும் ஒப்பமிடவில்லை. தாங்கள் தனியராய் மாடியேறினீர்கள். போலந்து பற்றிய வரி, டீலமான் அம்மையார் எழுதிச் சேர்த்த பதினான்கு பக்கங்களுக்குள் கரைந்து ஏற்கப்பட்டது. உக்ரைன் பற்றிய வரி அடிக்கப்பட்டது. டிசம்பரில் பெறவேண்டிய ஓய்வைத் தாங்கள் ஏப்ரலிலேயே பெறுகிறீர்கள்.

நோயின்றி நூறாண்டு வாழ்க. ரைன் நதிக்கரையில் நடக்கையில் எங்களை நினையுங்கள். அன்போடு நினைக்க முடியாவிட்டால் நினைக்கவே வேண்டாம்.

இம்மடலில் ஒப்பமிடுமாறு ஒக்சானாவையும் வேண்டினோம். "இதுக்கு மட்டும் அஞ்சு பேனாவும் எழுதுதா? அந்தத் தாள்ல போட்டுட்டு வாங்க, நானும் இதுல போடறேன்" என்றார். அவருக்கான இடத்தை வெறுமையாய் விட்டே சட்டமிட்டிருக்கிறோம்.

இங்ஙனம்,
மூன்றாம் மாடிப் பணியாளர் ஐவர்
பான், ஏப்ரல் 1997