குழந்தையை நான்தான் கொடுத்தேன்

என் பெயரும் முகவரியும் முதல் தாளில் எழுதிக் கொடுத்திருக்கிறேன். வயது முப்பத்திரண்டு. ரயில் நிலையத்தில் டிக்கெட் கவுண்டரில் வேலை பார்த்து வருகிறேன். என் கணவர் அச்சகத்தில் மிஷின் ஓட்டுகிறார். எங்களுக்கு ஒன்றரை வயதில் ஒரு மகள்.

இன்று காலை குழந்தைகள் காப்பகத்திலிருந்து போன் செய்து, தண்ணீர்க் குழாய் உடைந்துவிட்டதால் திறக்க மாட்டோம் என்றார்கள். யார் லீவு போடுவது என்று எனக்கும் கணவருக்கும் வாய்த்தகராறு ஏற்பட்டது. "போன தடவையும் நான்தானே போட்டேன்" என்றேன். "இன்னைக்கு லோடு போயாகணும், புரிஞ்சுக்கோ" என்று சொல்லிவிட்டு அவர் கிளம்பிவிட்டார். எனக்கு லீவு மிச்சமில்லாததால் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வேலைக்குப் போய், என் நாற்காலிக்குப் பின்னால் துண்டு விரித்து உட்கார வைத்தேன். அது கூடாது என்று எனக்குத் தெரியும்.

அதன் பிறகு மேலதிகாரி சோதனைக்கு வருவதாகப் பக்கத்துக் கவுண்டர்காரர் சொன்னார். அந்த நேரம் பார்த்துக் குழந்தை அழ ஆரம்பித்தது. டிக்கெட் வாங்க நின்ற ஒரு பெண்மணி, "கொடும்மா, என் வண்டிக்கு நேரமிருக்கு, கொஞ்ச நேரம் நான் வெச்சிருக்கேன்" என்றார். அவரை எனக்கு முன்பின் தெரியாது. பக்கத்துக் கதவைத் திறந்து குழந்தையைக் கொடுத்தேன். அதன் பெயரைக்கூடச் சொல்லவில்லை.

அதன் பிறகு மேலதிகாரி வந்து நின்றபோது பிளாட்பாரத்தில் கூச்சல் கேட்டு ஓடினேன். அந்தப் பெண்மணி, அழுத குழந்தைக்கு ரயில் காட்டப் போயிருக்கிறார். குழந்தையின் பெயரைக் கேட்டவர்களுக்குச் சொல்லத் தெரியாததால், பிள்ளை பிடிக்கிறவர் என்று அடித்திருக்கிறார்கள். நான் போனபோது, குழந்தை மேல் அடி விழாதபடி அதை அணைத்துக் குனிந்து முதுகைக் கொடுத்துக்கொண்டிருந்தார். "நான்தான் அம்மா" என்று கத்தினேன். குழந்தையை என்னிடம் கொடுத்தார்கள், அவரை விடவில்லை. நான்தான் கொடுத்தேன் என்று அப்போது சொல்லவில்லை. மேலதிகாரி பின்னால் நின்றார்.

அதன் பிறகு எல்லோரும் காவல் நிலையத்துக்கு வந்தோம். தகவல் கேட்டு என் கணவர் வந்து என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "குழந்தை தானா நடந்து வெளிய போயிடுச்சு, யார் தூக்கினாங்கன்னு பார்க்கலன்னு சொல்லிடு. உன் வேலை போச்சுன்னா வீட்டை எப்படி ஓட்டுறது?" என்றார். நானும் அப்படித்தான் சொல்ல நினைத்திருந்தேன்.

அப்போது பெஞ்சில் இருந்த அந்தப் பெண்மணியின் போன் அடித்தது. அடிபட்ட கையால் அவரால் எடுக்க முடியவில்லை. நான் எடுத்து அவர் காதில் வைத்தேன். அவர் மகள் பேசியது எனக்கும் கேட்டது. "ஏறிட்டியாம்மா? நாளைக்கு நான் வேலையில சேர்ந்தாகணும், நீ வந்தாதான் பாப்பாவை விட்டுட்டுப் போக முடியும்." அதற்கு அவர், "வண்டியை விட்டுட்டேன்டி, அடுத்த வண்டிக்கு வந்துடறேன்" என்றார். வேறு எதுவும் சொல்லவில்லை.

அதன் பிறகு நான் மேஜைக்கு வந்து நடந்ததைச் சொன்னேன். "யோசிச்சுத்தான் சொல்றீங்களா?" என்று காவல் அதிகாரி கேட்டார். ஆமாம் என்றேன். என் கணவர் குழந்தையை என் இடுப்பிலிருந்து வாங்கிக்கொண்டு வாசலுக்குப் போனார். நாளைக்கு வர முடியாது என்று அச்சகத்துக்குப் போனில் சொல்லிக்கொண்டிருந்தது கேட்டது.

அந்தப் பெண்மணி மேல் ஒரு குற்றமும் இல்லை. எழுதியதை எனக்கு வாசித்துக் காட்டினார்கள். "எடுத்துச் சென்றார்" என்று இருந்த இடத்தில் "கொடுத்தேன்" என்று திருத்தச் சொன்னேன், திருத்தினார்கள். மற்றதெல்லாம் நடந்தது நடந்தபடியே இருக்கிறது.

(கையொப்பம்)