மூன்றாவது கையெழுத்து

மாரெட்பள்ளி ஜெராக்ஸ் கடை வரிசை. எனக்கு முன்னால் வார்டு தேர்தல் வேட்புமனுவோடு ஒரு அம்மாள் நின்றார். கூட வந்தவர் மனுவை எட்டிப் பார்த்தார்.

"கைக்கு அக்கா, எதுக்குப் பிள்ளைங்க மூணுன்னு இவ்ளோ பெருசா எழுதியிருக்கீங்க?"

"அன்னிக்கு அதுக்குத்தானே என் மனுவைத் தள்ளுனாங்க? ரெண்டுக்கு மேல பெத்தவ நிக்கக் கூடாதாம். இப்போ ஜனத்தொகை குறையுதுன்னு கவர்ன்மென்ட்டே நிறைய பெத்துக்கச் சொல்லுது. ரூலையும் எடுத்துட்டாங்க."

"அப்போ மூணாவதா பொறந்த சின்னவளைச் சொந்தக்காரங்க பிள்ளைன்னு காட்டச் சொன்னாங்கல்ல?"

"நக்கோ, முடியாதுன்னுட்டேன். பதவிக்காக எம்பொண்ணை இன்னொருத்தி பேர்ல எழுதுவேனா?"

"சரி, முன்மொழியறவங்க கையெழுத்து யாரோடது?"

"அந்தச் சின்னவளோடதுதான். இப்போ அவளுக்கும் வோட்டு இருக்கு."