கிளிசரின் இல்லாத காட்சி

கிளிசரின் கண்ணீரை என்னால் ஒருபோதும் சகிக்க முடிந்ததில்லை. குடிக்கும் தேநீரில் ஈ மிதப்பதைக் கண்டால் உங்களுக்கு எப்படி இருக்குமோ, எனக்கு அது அப்படி. இதிலிருந்து தொடங்குவதற்கு மன்னிக்க வேண்டும், இன்ஸ்பெக்டர் ஐயா. நான் தமிழில் சொல்வதை உங்கள் பக்கத்தில் இருப்பவர் சிங்களத்தில் எழுதுகிறார். அவரிடம் ஒரு வேண்டுகோள். கோபம் என்று எந்த இடத்திலும் எழுத வேண்டாம். நான் எவர்மீதும் கோபம் கொள்ளவில்லை. அருவருப்பு என்று எழுதட்டும். சிங்களத்தில் அதற்கு நல்ல சொல் உண்டு.

தியேட்டரிலிருந்து என் படத்தின் சுருளொன்றை நீங்கள் எடுத்துச் சென்றதாக அறிந்தேன். அதனால்தான் நானாகவே வந்தேன். அதிலுள்ள ஒரு காட்சியை வெட்டி எரித்துவிட வேண்டும் என்று உங்களிடம் முறையிட்ட தங்கம்மா கேட்கிறார். அது நடக்கக் கூடாது. அதைத் தடுப்பதற்கு என்ன சொல்ல வேண்டுமோ அதை முழுவதும் சொல்கிறேன்.

படத்தின் பெயர் ‘பச்சிலைச் சுவாமி’. நோய் தீர்க்கும் துறவி ஒருவரின் கதை. எழுதியவனும் இயக்கியவனும் நான். பணம் போட்டவர் உக்குவளையில் மிளகு வியாபாரம் செய்யும் புஹாரி முதலாளி. துறவிக்கு ஒரு பாட்டு வேண்டும் என்றார். துறவி குளக்கரையில் பாடினார். சிரிப்புக்கு ஆள் வேண்டும் என்றார். ஒரு சீடன் அடிக்கடி சேற்றில் விழுந்தான். படம் மட்டமானது. கொழும்பிலிருந்து வரும் வாரப் பத்திரிகையும் அப்படித்தான் எழுதியது: கதையில் உயிரில்லை, துறவியிடம் அருளில்லை, மூச்சுத் திணறும் நோயாளியாக வரும் சுசீலாதேவி ஒருவருக்காகப் படத்தைப் பார்க்கலாம். அதில் ஒரு சொல்லையும் நான் மறுக்கமாட்டேன்.

சுசீலாதேவி என்பது சுவரொட்டிக்காக நான் வைத்த பெயர். வீட்டில் அவர் மாரியாயி. தங்கம்மா அவருடைய அக்கா. மாத்தளையில் திருவிழா நாடகம் என்றால் மாரியாயியைப் பார்க்கவென்றே கூட்டம் சேரும். எனக்கு அந்த நடிப்புப் பிடிக்கவில்லை. மூச்சுத் திணற வேண்டும் என்றால் மார்பில் அறைந்துகொள்வார், கண்ணை உருட்டுவார், நாக்கை வெளியே தள்ளுவார். ஒத்திகை முடிந்து வீட்டுக்குப் போனதும் நான் முகத்தைக் கழுவிக்கொள்வேன். அவருடைய எச்சில் என்மேல் தெறித்திருக்கவில்லை. ஆயினும் கழுவத் தோன்றும்.

“சேர், இன்னொருக்கா பாருங்க சேர். நான் நல்லா செய்வேன்,” என்பார். இன்னொருமுறை இன்னும் மோசமாகச் செய்வார்.

ஒருநாள் முதலாளியின் மிளகுக் கிட்டங்கியில் பேச்சுவார்த்தை நடந்தது. மூட்டைகளிலிருந்து எழுந்த தூசியில் மாரியாயிக்கு உண்மையாகவே இழுப்பு வந்துவிட்டது. அவருக்குச் சிறு வயதிலிருந்தே அந்த நோய் உண்டு என்பதை அன்றுதான் அறிந்தேன். மார்பில் அறையவில்லை, கண்ணை உருட்டவில்லை. தோள்கள் மெல்ல உயர்ந்தன, கழுத்துக் குழி உள்வாங்கியது, முகம் மிகவும் அமைதியாக, ஏதோ தொலைவில் கேட்பதைப் போல ஆயிற்று. குரல் வரவில்லை. உதடுகள் மட்டும் அசைந்தன. தங்கம்மா அந்த உதடுகளைப் பார்த்துவிட்டு, “தண்ணி கேக்குறா, கொண்டாங்க,” என்றார்; இடுப்புச் சுருக்குப் பையிலிருந்து ஒரு வெள்ளை மாத்திரையை எடுத்துத் தங்கையின் வாயில் வைத்தார். எல்லாரும் பதறினார்கள். நான் பதறவில்லை. மாரியாயி நடிக்காமல் இருந்ததை முதன்முறையாகக் கண்டேன்.

அது எழுபத்தாறாம் ஆண்டு. படச்சுருளும் மருந்தும் ஒன்றுபோலத் தட்டுப்பாடாக இருந்த காலம். சுருள் இல்லாத கமராவை ஓடவிட்டு ஒத்திகை பார்ப்போம். சுருள் ஏற்றியபின் ஒரே தடவைதான். பிழை நேர்ந்தால் நேர்ந்ததுதான், இரண்டாம் தடவை இல்லை. சுவாமியின் மடியில் அந்தப் பெண் மூச்சுக்குத் தவித்து, மூலிகைச் சாறு பட்டதும் எழுந்து நிற்கும் காட்சி படத்தின் உயிர். அதை நாக்குத் தள்ளும் ஒருவரிடம் ஒப்படைக்க என்னால் இயலவில்லை. நீங்கள் என் இடத்தில் இருந்திருந்தால் உங்களாலும் இயன்றிராது.

படப்பிடிப்பு நாவுலைக்கு அருகே ஒரு கொட்டகையில் நடந்தது. உடை மாற்றும் அறையில் தங்கம்மா சுருக்குப் பையை வைத்துவிட்டுத் தங்கைக்குச் சேலை கட்டிக்கொண்டிருந்தார். பைக்குள் இருந்த மருந்துக் குப்பியின் மாத்திரைகளை நான் என் சட்டைப்பைக்கு மாற்றினேன். அவற்றின் இடத்தில் கல்சியம் மாத்திரைகளைப் போட்டேன். அவையும் வெள்ளை, அவையும் வட்டம். கல்சியம் உடம்புக்குக் கெடுதல் செய்வதில்லை.

பிறகு லெட்சுமணனைக் கூப்பிட்டேன். விளக்குப் பிடிப்பவர். முக்கியமான காட்சிக்கு முன் திருஷ்டி கழிப்பது அவருடைய பொறுப்பு. வழக்கமாக எலுமிச்சம்பழம் சுற்றுவார்; மாரியாயிக்காக மிளகாயைத் தவிர்த்திருந்தோம். இன்று மிளகாயே சுற்றுங்கள் என்றேன்.

“வேணாங்க சேர். தங்கச்சிக்கு ஒத்துக்காதுங்க,” என்றார் தங்கம்மா.

“இருக்கட்டும் அக்கா. இன்னைக்குப் பெரிய சீன். சேர் சொன்னா செய்வோம்,” என்றார் மாரியாயி. என்னை மகிழ்விக்க வேண்டும் என்பதில் அவருக்கு மிகுந்த அக்கறை இருந்தது.

காய்ந்த மிளகாயை நெருப்பில் போட்டால் கமறாவிட்டால் திருஷ்டி இருக்கிறது, கமறினால் இல்லை என்பது இவர்களுடைய நம்பிக்கை. இதை நான் பல தடவை ஏளனம் செய்திருக்கிறேன். அன்று அது எனக்கு உதவியது. புகை எழுந்தது. மாரியாயி இரும ஆரம்பித்தார். கொட்டகை முழுவதும் மகிழ்ந்தது.

“பாத்தீங்களா, என்னா காரம் ஏறுது!” என்று லெட்சுமணன் சிரித்தார். “ஒரு கண்ணும் படல. படம் நூறு நாள்தான்!”

“நூறா? நம்ம சுவாமி பாட்டுக்கே ஆள் ஓடிருவான்,” என்றார் யாரோ. மாரியாயியும் இருமலுக்கிடையே சிரித்தார். தங்கம்மா மாத்திரை கொடுத்தார். விழுங்கினார். அது வேலை செய்யும் என்று எல்லாரும் நம்பியதால் எல்லாரும் தத்தம் இடத்துக்குப் போனார்கள். கொட்டகைக்குள் இடம் போதாது என்று தங்கம்மாவை வெளியே நிற்கச் சொன்னேன். கமரா ஓடியது.

அந்தக் காட்சியைப் பற்றி நான் விவரிக்க வேண்டியதில்லை. மாத்தளை முழுவதும் பார்த்துவிட்டது. காட்சி முடிந்ததும் லெட்சுமணன் கை தட்டினார். மாரியாயி எழாததைக் கண்ட பிறகே நிறுத்தினார். வைத்தியர் வந்து பழைய நோய் என்று எழுதினார். அதிலும் பொய் இல்லை. எழுந்து நிற்பதை வேறொரு பெண்ணை வைத்துப் பின்புறமாக எடுத்தோம். குரலையும் வேறொருவர் கொடுத்தார். உதடுகள் என் வசனத்தைப் பேசவில்லை என்பதைப் படத்தொகுப்பு மேசையில் கண்டேன். அவற்றின் அசைவுக்கு ஏற்ப என் வசனத்தைத் திருத்தினேன். ‘சுவாமி, என் உள்ளே வெளிச்சம் தெரிகிறது’ என்று வரும். பல நாள் உழைப்பு.

ஆனால் தங்கம்மா அந்த உதடுகளைப் படித்துப் பழகியவர் என்பதை மறந்துவிட்டேன். படம் ஓடிய இரண்டாம் நாள், தியேட்டரில் எழுந்து நின்றார்.

“அது நடிப்பு இல்லீங்க. இது என் மாத்திர இல்ல அக்கான்னு சொல்றா. என்னத்தான் கூப்புடுறா!”

“அடி, உக்காருடி. அழுவுற எடத்துல மறைக்குற,” என்றது பின்வரிசை.

அவர் உட்காரவில்லை. தங்கையின் பொருள்களோடு வைத்திருந்த குப்பியை மருந்துக்கடையில் காட்டிவிட்டு உங்களிடம் வந்தார். அவர் சொல்வது சரி. உதடுகள் அதைத்தான் சொல்கின்றன. படத்தொகுப்பு மேசையில் அல்ல, கொட்டகையிலேயே, கமரா ஓடும்போதே நான் அதைப் படித்தேன்.

மாத்திரை என் சட்டைப்பையில் இருந்தது. ‘கட்’ சொன்னதும் கொடுப்பதாகவே இருந்தேன். மாரியாயி என் பக்கமாகக் கையை நீட்டினார். சுவாமியாக நடித்தவர் அதையும் நடிப்பென்று எண்ணி அந்தக் கையைப் பற்றிக்கொண்டார். மிக அழகாக அமைந்தது. கமராக்காரர் திரும்பி என்னைப் பார்த்தார். ஓடட்டும் என்று சைகை காட்டினேன். சுருள் இன்னும் மிச்சமிருந்தது. கை தளர்ந்து விழுந்தது. அதன் பிறகும் ஓடியது. நான் ‘கட்’ சொல்லவேயில்லை. சுருள் தானாகத் தீர்ந்தது.

கொன்றவன் நான். அப்படியே எழுதிக்கொள்ளுங்கள், கையொப்பமிடுகிறேன். வாக்குமூலம் கையில் இருக்கும்போது சுருள் உங்களுக்குத் தேவைப்படாது. வெட்டாமல் தியேட்டருக்குத் திருப்பி அனுப்பிவிடுங்கள். நீங்களும் ஒருமுறை பாருங்கள். முடிவில் மாரியாயியின் கன்னத்தில் நீர் வழிகிறது, ஐயா. அதற்கு நான் ஒரு துளி கிளிசரினும் பயன்படுத்தவில்லை.