நெடுவரை வெள்ளி விழா

விழாக்களுக்கு வாழைமரம் கட்டுவது எனக்குப் பிடிக்காது. குலை தள்ளிய மரத்தை வெட்டிவந்து வாசலில் நிறுத்துவதும், மறுநாளே அது துவண்டு தொங்குவதும் பார்க்கச் சகிக்காது. நெடுவரை தேசியப் பூங்காவின் வெள்ளி விழாக் குழு முதன்முறை கூடியபோதே இதைச் சொல்லிவிட்டேன். வாழை வேண்டாம், பிளாஸ்டிக் தோரணம் வேண்டாம், தொட்டிச் செடிகள் போதும். ரேஞ்சர் சிவசுப்பிரமணியன் அப்படியே குறித்துக்கொண்டார். இன்ஸ்பெக்டர் சார், நீங்கள் யாரை விசாரித்தாலும் விழா நன்றாக நடந்தது என்றுதான் சொல்வார்கள். அது உண்மை.

என் பெயர் உமா மகேஸ்வரி. வயது அறுபத்து மூன்று. மேலகரத்தில் வீடு. முப்பது வருடம் கல்லூரியில் தாவரவியல் கற்பித்து ஓய்வு பெற்றவள். நெடுவரைப் பாறையில் சாரல் மாதங்களில் மட்டும் பூக்கும் ஒரு காசித்தும்பை இனம் உண்டு. நகத்தளவுப் பூ, வெள்ளையில் ஊதாப் புள்ளி. பதினெட்டு வருடங்களுக்கு முன் அதைக் கண்டுபிடித்தவள் நான். கொல்கத்தாவிலிருந்து ஒரு பேராசிரியர் வந்து ஆராய்ந்து, அதன் அறிவியல் பெயரின் பின்பாதியாக என் பெயரை வைத்தார். எனக்குப் பிள்ளைகள் இல்லை. இந்தத் தகவல் வழக்குக்குத் தேவையில்லை என்றால் விட்டுவிடுங்கள்.

பிச்சம்மாள் பூங்கா நாற்றங்காலில் தினக்கூலி. பூங்கா திறந்த நாளிலிருந்து இருக்கிறாள். ஐம்பத்து நாலு வயது, எழுதப் படிக்கத் தெரியாது, புருஷன் இல்லை. ஒரே மகள் இராமலட்சுமியை ஆய்க்குடியில் கட்டிக்கொடுத்திருந்தாள். நான் மலைக்குப் போகும்போதெல்லாம் என் பையைச் சுமந்துகொண்டு கூட வருவாள். அவளிடம் நான் ஒருநாளும் குரலை உயர்த்தியதில்லை.

விழா மலரை அச்சிடும் பொறுப்பைத் தென்காசி மசூது பாயிடம் கொடுத்திருந்தோம். அச்சகம் வைத்திருக்கிறார், கொஞ்சம் எழுதவும் செய்வார். விழாவுக்கு ஒரு வாரம் இருக்கும்போது மெய்ப்புத் தாள்களோடு வீட்டுக்கு வந்தார்.

"மேடம், பிச்சம்மா பேட்டிதான் மலருக்கே உசுரு. என்னமா பேசுதாங்க தெரியுமா?" என்றார்.

வாசித்தேன். மூன்றாவது பத்தியில் இருந்தது. 'பாறையில இருக்க அந்தச் சின்னப் பூவ நாந்தான் டீச்சரம்மாவுக்குக் காட்டுனேன். அவுகளுக்கு மேல ஏற முடியாது, கீழயே நின்னாக. நாந்தான் ஏறிப் பறிச்சாந்தேன்.'

அவள் பெருமைக்காகச் சொல்லவில்லை. அதுதான் சிக்கல். பெருமைக்காகச் சொல்லியிருந்தால் யாரும் நம்பியிருக்க மாட்டார்கள்.

அந்தப் பத்தியை எடுத்துவிடலாம் என்றேன். மசூது பாய் தயங்கியபடியே அதை அடித்தார். ஆனால் ரேஞ்சர் ஏற்கெனவே படித்துவிட்டாராம். குழுவில் எல்லோருக்கும் ஒரே சந்தோஷமாம். குத்துவிளக்கைப் பிச்சம்மாள் ஏற்றுவது, பிறகு அந்தப் பூவின் கதையை மேடையில் அவளே சொல்வது என்று முடிவாகியிருந்தது. முன்வரிசையில் கொல்கத்தாப் பேராசிரியர் உட்கார்ந்திருப்பார். விளக்கேற்றும் இடத்தில் முதலில் என் பெயர் இருந்தது. யாரும் என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நான் கோபப்படவில்லை. மசூது பாய்க்குக் காப்பி கொடுத்து அனுப்பினேன்.

புதன்கிழமை நாற்றங்காலுக்குப் போய்ப் பிச்சம்மாளிடம் பேசினேன். கண்காட்சியில் வைக்க அந்தக் காசித்தும்பை வேரோடு இரண்டு செடி வேண்டும் என்றேன். நான்கு நாளாக மழை விடவில்லை. ஐந்தருவியில் குளிக்கவே தடை போட்டிருந்தார்கள். பாறைப் பக்கம் ஆட்கள் போகக் கூடாது என்று ரேஞ்சரும் சொல்லியிருந்தார். இதெல்லாம் அவளுக்கும் தெரியும்.

"ரேஞ்சரய்யா வையுவாகளே டீச்சரம்மா," என்றாள்.

"அவருக்குச் சொல்ல வேண்டாம். விழா அன்னைக்குப் பாத்து அவரே அசந்து போவாரு."

சிரித்தாள். "அப்ப சரி, காலையில போயிட்டு வாரேன்."

அவள் மறுத்திருக்கலாம். இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

வியாழக்கிழமை காலை பதினொன்றே முக்காலுக்கு முதல் அழைப்பு வந்தது. அவளிடம் இருந்தது பழைய பட்டன் போன். மலையில் எங்கும் டவர் கிடைக்காது, அந்தப் பாறையடியில் மட்டும் கிடைக்கும்.

"டீச்சரம்மா, வழுக்கி விழுந்துட்டேன். காலு ஒரு பக்கமா மடங்கிட்டு. எந்திரிக்க முடியல."

அவள் விழ வேண்டும் என்று நான் அனுப்பவில்லை. நான் தள்ளவுமில்லை, நான் அப்போது மேலகரத்தில் விருந்தினர் நாற்காலிகளுக்குப் பெயரட்டை எழுதிக்கொண்டிருந்தேன். அவள் வைத்ததும் உடனே ரேஞ்சரைக் கூப்பிடத்தான் போனை எடுத்தேன். எண்ணை அழுத்துவதற்குள் ஒன்று தோன்றியது. கால் ஒடிந்த பிச்சம்மாளைத் தூக்கிவந்தால், அந்தப் பூவுக்காக விழுந்தவள் என்று ஆகிவிடும். நாற்காலியில் உட்கார வைத்தாவது மேடைக்குக் கொண்டுவருவார்கள். பிறகு அந்தக் கதையை யாராலும் நிறுத்த முடியாது. சனிக்கிழமை வரை அவள் எங்கே இருக்கிறாளோ அங்கேயே இருந்தால் போதும் என்று நினைத்தேன். வெறும் இரண்டு நாள்.

நானே அவளைத் திரும்ப அழைத்தேன்.

"அங்கனயே இரு பிச்சம்மா, அசையாத. ஆளு வருதாங்க. ராமலட்சுமிக்கு மட்டும் போன் போட்டுராத. நெறமாசக்காரி, பயந்துட்டான்னா என்னத்துக்காவும்? நான் பக்குவமா சொல்லிக்கிடுதேன்."

"ஆமா, அதுவும் சரிதான். நீங்களே சொல்லிருங்க."

அன்று மாலை ரேஞ்சரிடம், மகளுக்கு வலி கண்டுவிட்டதால் பிச்சம்மாள் ஆய்க்குடிக்குப் போய்விட்டாள் என்று சொன்னேன். மறுநாள் இராமலட்சுமி என்னை அழைத்து, "அம்மைக்கு லைனே கெடைக்க மாட்டுக்கு," என்றாள். விழா வேலை தலைக்கு மேல் கிடக்கிறது, பூங்காவிலேயே தங்கியிருக்கிறாள், ஞாயிற்றுக்கிழமை வருவாள் என்றேன். இரண்டு பேரும் நம்பினார்கள். நான் பொய் சொல்கிறவள் என்று இந்த ஊரில் பெயர் எடுத்ததில்லை.

மொத்தம் பதினோரு முறை அழைத்தாள் என்று உங்களிடம் கணக்கு இருக்கிறது. பதினொன்றையும் எடுத்தேன். எடுக்கவில்லை என்று யாராவது எழுதினால் அது தவறு. மழைவெள்ளம் வழியை மறித்துவிட்டது, ஆட்கள் சுற்றி வருகிறார்கள் என்று சொன்னேன். என்னிடம் பேசி முடித்ததும் போனை அணைத்துவைத்து, சார்ஜை மிச்சம் பிடிக்கச் சொன்னேன். குளிருது என்றாள், முந்தானையைத் தலையோடு போர்த்திக்கொள் என்றேன். பாறையில் வழியும் தண்ணீரைக் குடிக்கலாமா என்று கேட்டாள். தாராளமாகக் குடிக்கலாம், அவ்வளவு சுத்தமான தண்ணீர் தென்காசியில் யாருக்கும் கிடைக்காது என்றேன். கால் கறுத்துப்போய்விட்டது என்று வெள்ளிக்கிழமை மத்தியானம் சொன்னபோது, அதைப் பார்க்காதே என்றேன்.

சனிக்கிழமை காலை மழை வெறித்துவிட்டது. செங்கோட்டையிலிருந்து செண்டைமேளம் வந்தது. பேராசிரியர் தொட்டிச் செடிகளின் ஒழுங்கைப் பாராட்டினார். பிச்சம்மாள் இல்லாததால் விளக்கை நான் ஏற்ற வேண்டியதாயிற்று. அந்தப் பூவைப் பற்றியும் பத்து நிமிடம் பேசினேன். நல்ல கைதட்டல்.

கைதட்டல் அடங்கும்போது பைக்குள் போன் அதிர்ந்தது. மேடைக்குப் பின்னால் போய் எடுத்தேன். குரல் மிகவும் மெலிந்திருந்தது.

"டீச்சரம்மா, கொட்டுச் சத்தம் இங்கன வரைக்கும் கேக்குது. வெளக்கு ஏத்தியாச்சா?"

"ஏத்தியாச்சு."

"யாரு ஏத்துனா?"

"நான்தான்."

"நல்லதாப் போச்சு. எனக்கு அதெல்லாம் ஏத்தத் தெரியாது. மைக்குலயும் பேச மாட்டேன்னு ரேஞ்சரய்யாகிட்டச் சொல்லிரணும்னுதான் நெனச்சிருந்தேன். செடி ரெண்டும் மடியிலதான் இருக்கு. வாடாம வச்சிருக்கேன்."

அவள் மேடையில் எதையுமே சொல்லியிருக்க மாட்டாள் என்று எனக்கு அப்போது தெரிந்தது. மதியச் சாப்பாட்டுக்கு இன்னும் நேரம் இருந்தது. ரேஞ்சர் இருபதடி தள்ளி நின்றுகொண்டிருந்தார். ஆனால் அதற்குள் நான் அவளிடம் நிறையச் சொல்லியிருந்தேன். அவள் கீழே வந்தால், அதில் ஒவ்வொன்றையும் எல்லோரிடமும் வெள்ளந்தியாகச் சொல்லிவிடுவாள்.

"ஆளு பக்கத்துல வந்துட்டாங்க பிச்சம்மா. கண்ண மூடிக் கொஞ்சம் தூங்கு," என்றேன். பிறகு உள்ளே போய், சாப்பாட்டு நேரம் வந்ததும் விருந்தினர்களைப் பந்தியில் உட்கார வைத்தேன்.

அன்று நான்கு மணிக்குக் கடைசியாக ஒருமுறை அழைத்தாள். பேசவில்லை. நான் லைனிலேயே இருந்தேன், அதுவாகத் துண்டிக்கும் வரை.

ஞாயிற்றுக்கிழமை மகள் வந்து கேட்ட பிறகுதான் தேடினார்கள், திங்கட்கிழமை காலையில் கண்டெடுத்தார்கள். தொடை எலும்பு முறிவு மட்டும்தான், அன்றே தூக்கியிருந்தால் பிழைத்திருப்பாள் என்று டாக்டர் எழுதியிருப்பதாகச் சொன்னீர்கள். அவர் சரியாகத்தான் எழுதியிருப்பார். பிச்சம்மாளைக் கொன்றது நான்தான். எங்கே கையெழுத்துப் போட வேண்டுமோ போடுகிறேன்.

ஆனால் 'அனாதையாகச் செத்தாள்' என்று பத்திரிகையில் வந்திருக்கிறதே, அதை மட்டும் நீங்கள் திருத்தச் சொல்ல வேண்டும். அந்த மூன்று நாளும் அவளுக்குத் துணையாக நான் இருந்தேன்.