மாமி கேட்ட பாட்டரி

— இன்னொரு வாட்டி சொல்லுங்க சார். என் காதுதான் கெட்டுப்போச்சோன்னு பயமா இருக்கு.

— கம்பெனி பாட்டரி குடுன்னேன், சூசை. ஜப்பான்காரன் பெட்டியில வர்றதே, அந்த ஒரிஜினல்.

— விலை கேக்காமலா?

— கேக்கலை.

— மாமி, சாருக்கு என்ன ஆச்சு? போன வருஷம் இதே கேமராவுக்கு ஒரு தோல் உறை வாங்க, சிகந்திராபாத்ல மூணு கடை ஏறி, மூணு கொட்டேஷன் கையில வச்சுக்கிட்டு எங்கிட்ட வந்து உக்காந்த மனுஷன்!

— இவர் ஆபீஸ்ல பர்ச்சேஸ் பாக்கறவர், சூசைராஜ். அந்தப் பழக்கம் ஆத்துக்கும் வந்துடுத்து. கத்திரிக்காய்க்குக் கூட மூணு கொட்டேஷன்தான். எது கம்மியோ அது சமையலுக்கு வரும்.

— புழுவோடயா மாமி?

— புழுவுக்குத் தனியா காசு குடுக்கலைன்னு பெருமைப்பட்டுப்பார்.

— கல்பகம், கடையில வச்சு மானத்தை வாங்காதே.

— வாங்கறதெல்லாம் உங்க டிபார்ட்மென்ட்னா. நான் சும்மா கூட வந்திருக்கேன்.

— சண்டை நக்கோ, சண்டை வேண்டாம். ரெண்டு பேரும் இங்கிட்டு பாருங்க. இந்தத் தங்க எழுத்துப் பெட்டி கம்பெனி சரக்கு. இது ஹாங்காங்ல எவனோ போடறது, பேரு எனக்கே வாயில நுழையாது. பாக்க ரெண்டும் ஒண்ணுதான், விரல் நுனி அளவு. உங்க கேமராவுக்கு உள்ள எது போனாலும் க்ளிக்குன்னும். பாட்டரியே இல்லேன்னா மட்டும் அது கண்ணாடி பதிச்ச செங்கல். அமுக்கி அமுக்கிப் பாத்துட்டு அழ வேண்டியதுதான்.

— ரெண்டும் எத்தனை நாள் வரும்?

— அப்படிக் கேளுங்க சார். கம்பெனி சரக்கு ரெண்டு வருஷம், கண்ணை மூடிக்கிட்டு சொல்லுவேன். ஹாங்காங்காரன் ஒரு வருஷம். கர்த்தர் பேரைச் சொல்லி விக்கிறவன் நான், கூட்டிச் சொல்ல மாட்டேன்.

— சூசைராஜ், இதைவிடக் கம்மியா வர்றது ஏதாவது இருக்கா?

— விலையில கம்மியா மாமி? இருக்கே.

— விலையைச் சொல்லலை. நாளைச் சொல்றேன். ஒரு ஆறு மாசம் வந்தாப் போறும்.

— அடேங்கப்பா, இது புதுசா இருக்கே! விலை குறைங்கன்னு அழுதவங்க உண்டு, சட்டையைப் பிடிச்சவங்க உண்டு. சீக்கிரம் சாகுற பாட்டரி குடுன்னு கேட்டு இந்தக் கடைக்கு யாரும் வந்ததில்ல.

— அவ விளையாடறா. நீ ஒரிஜினலை எடு.

— விளையாடலைன்னா. தையில ஜலஜாவுக்குக் கல்யாணம். அது வரைக்கும் ஓடணும், அதுக்கப்புறம் கொஞ்ச நாள். எதுக்கு ரெண்டு வருஷத்துக்குக் காசைக் கொட்டணும்?

— தையிலயா? பாப்பா பரீட்சை எழுதி முடிச்சு, வைகாசியிலன்னுதானே தீபாவளிக்கு வந்தப்போ சொன்னீங்க?

— சொன்னோம். போன வாரம் இவர் சம்பந்தி ஆத்துக்குப் போய் தைக்கு மாத்திண்டு வந்துட்டார். எதுக்கெடுத்தாலும் ஏன் ஏன்னு குடையறவ நான். இதை மட்டும் ஏன்னு கேக்கலை.

— வைகாசியில வெயில், சூசை. வர்றவாளுக்குக் கஷ்டம்.

— நம்ம ஊர்ல எந்த மாசம் சார் வெயில் இல்ல? சரி, பெரியவங்க முடிவு. ஆனா மாமி, கல்யாணத்தன்னைக்கு நீங்க பொண்ணோட அம்மா. கேமராவைத் தூக்கிட்டு அலைய முடியுமா? ஒரு போட்டோகிராபரை வச்சுக்குங்க.

— வச்சாச்சு. அவன் வர்றவா போறவாளை எடுக்கட்டும். இது இவர் எடுக்கறதுக்கு.

— சாரா?

— ரெண்டு வாரமா கத்துக் குடுக்கறேன். தினம் ஆபீஸ்லேர்ந்து வந்ததும் ஒரு பாடம். இன்னும் எல்லார் தலையையும் வெட்டிண்டுதான் இருக்கார்.

— போன ரோல்ல ரெண்டு தலை முழுசா வந்திருந்ததே, கல்பகம்.

— வந்தது. அதுல ஒண்ணு நாராயணஸ்வாமி ஆத்து நாய்.

— நாய் அசையாம நின்னிருக்கும் மாமி, மனுஷன் நிக்க மாட்டான். அது கிடக்கட்டும், எதுக்கு சாரைப் போட்டு இந்தப் பாடு படுத்துறீங்க? உங்க மௌலா அலி காலனியில எந்த வீட்டு சுவத்தைப் பாத்தாலும் நீங்க எடுத்த போட்டோதான் தொங்குது. லாலாகுடாவுல எங்கப்பாவைக் கூட நீங்கதான் எடுத்தீங்க. பெருமாள் அண்ணன் வீட்டுக் காதுகுத்து, கனகவல்லி அக்கா சீமந்தம், எல்லாம் உங்க கைதான்.

— அதேதான் சூசைராஜ். எல்லாரும் இருக்கா. நான்தான் ஒண்ணுத்துலயும் இல்லை. ஜலஜா பக்கத்துல நான் நிக்கற மாதிரி ஒரு படம், தலையோட. அதுக்குத்தான் இந்தப் பாடெல்லாம்.

— அப்போ பாட்டரி பாதியில காலை வாரிடக் கூடாதே. ஒரு வருஷ சரக்கையாவது வாங்கிக்குங்க. நாளைக்கு ஒரு பேரன் பொறந்தா?

— இவர் புதுசா ஒண்ணு வாங்கிப்பார். அதுக்குள்ள கத்துண்டும் இருப்பார், இல்லையா?

— கல்பகம், போறும். சூசைக்கு வேற வேலை இருக்கு.

— எனக்கென்ன வேலை சார், காலையிலேர்ந்து ரெண்டு ரோல் ஃபிலிம்தான் வித்திருக்கு. இந்தப் பேச்சாவது ஓடட்டும்.

— இன்னொண்ணு, சூசைராஜ். கழுத்துல மாட்டிக்கற வார் ஒண்ணு வேணும். கொஞ்சம் நீளமா. இது என் உயரத்துக்கு வாங்கினது. இவர் போட்டுண்டா கேமரா தொப்பை மேல ஏறி உக்காந்துக்கறது.

— லோக்கல்ல நல்லதா இருக்கு மாமி. பேகம்பேட்ல தைக்கிறாங்க.

— வேண்டாம். வார் மட்டும் கம்பெனியோடதே குடு. அது ரொம்ப வருஷம் வரணும்.

— அட என்ன மாமி இது! பாட்டரிக்கு லோக்கல் போதும், வெறும் வாருக்கு ஒரிஜினலா? ஊரே அதைத் திருப்பிப் போட்டில்ல வாங்குது. வார் அறுந்தா கயிறு கட்டிக்கலாம்.

— இவர் கயிறு கட்டிண்டு போவார்னுதான் சொல்றேன். கண்ணுல காட்டு... ம், நன்னா இருக்கு. ஏன்னா, கொஞ்சம் குனியுங்கோ. பாருங்கோ, இப்போ சரியா நிக்கறது. இதுவே இருக்கட்டும்.

— மாமி, என்ன இப்படி வேர்க்குது? ஸ்டூல்ல உக்காருங்க, டீ சொல்றேன்.

— டீ நக்கோ. பாத்தியா, உங்க பாஷை எனக்கும் வந்துடுத்து. உள்ள கொஞ்சம் மூச்சு முட்டறது, அவ்வளவுதான். எதிர்ல சாமந்தி விக்கறாளே, அவகிட்டப் போய்க் காத்தாட நிக்கறேன். மூணு கொட்டேஷன் கேட்டார்னா ஒரு குரல் குடு, ஓடி வரேன்.

— பாத்து மாமி, படி வழுக்கும்... சார், போயிட்டாங்க. இப்போ நாம ரெண்டு பேர்தான். என் லாபத்துக்கே வேட்டு வச்சுக்கிட்டு ஒண்ணு சொல்றேன், கேளுங்க. மாமி சொன்னதுதான் நியாயம். ஆறு மாசம் வர்றது ஒண்ணு அடியில கிடக்கு. வார்ல ஒரிஜினல், பாட்டரியில இது. ரெண்டு பேருக்கும் சமாதானம்.

— ஒரிஜினல் பாட்டரியைப் போடு.

— வெளியில போனதும் உங்களுக்கு மண்டகப்படி நிச்சயம்.

— போடு. ரெண்டு வருஷம் வரும்னியே, எழுதிக் குடுப்பியா?

— என்ன சார், பாட்டரிக்குப் போய் எழுத்து கேக்குறீங்க? ஜப்பான்காரனே பெட்டியில எழுதித்தான் அனுப்பியிருக்கான்.

— அவன் எழுதினது போறாது. நீ உன் கையால எழுது. ரெண்டு வருஷம்னு எழுது.

— எழுதிட்டாப் போச்சு. ஆனா ஒண்ணு மட்டும் புரியல சார். வாழ்க்கையில முதல் தடவையா நீங்க விலை கேக்கல, மாமி முதல் தடவையா காசு பாக்குறாங்க. அது எப்படி, கணக்கா ஆறு மாசம்? ஏன் அங்கேயே பாத்துக்கிட்டு நிக்கிறீங்க? பூ வாங்கிட்டுத்தானே இருக்காங்க.

— காலையில பேகம்பேட் போயிட்டு வந்தோம். டாக்டர்கிட்ட.

— யாருக்கு?

— ரெண்டு வாரம் முன்னாடியும் போனோம். அன்னிக்கு அவளை வெளியில பெஞ்சுல உக்காத்தி வச்சுட்டு, கதவைச் சாத்திண்டுதான் டாக்டர் என்கிட்ட பேசினார்.

— என்ன சொன்னார் சார்?

— நான் யார்கிட்டயும் மூச்சு விடலை, சூசை. ஜலஜாகிட்டக் கூட. ஆறு மாசம்னு டாக்டர் சொன்னது எனக்கு மட்டும்தான் தெரியும்னு நினைச்சிண்டிருந்தேன், இங்க வந்து அவ பாட்டரி கேக்கற வரைக்கும்.